ஒரே சஹனில் இரண்டு கைகள்

கோலாலம்பூருக்கு நான் போனது ஒரு சொற்பொழிவுக்காக என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ் வாசகர் வட்டம் இருக்கிறது. 'பழைய சூஃபி நூல்களில் உடல்நலமும் நல்லொழுக்கமும்' என்று தலைப்பும் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை எனக்காக ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் அந்த அழைப்பை ஏற்பாடு செய்ய வைத்ததே கிள்ளானில் இருக்கும் என் லாத்தா. அக்காவை நாகூரில் நாங்கள் லாத்தா என்போம்.

லாத்தா போனில் அழுதாள். மச்சானுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண் வந்து ஆறாமல் கறுத்துவிட்டது. விரலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதத்துக்குப் பரவும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "இப்ப சாப்பாட்டையும் குறைச்சுட்டாங்க தம்பி. ரெண்டு வாய் வைக்கிறாங்க, எழுந்திரிச்சிர்றாங்க. கேட்டா சிரிக்கிறாங்க. உயிர் மேல ஆசை விட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு. பசியைப் பத்தியெல்லாம் நீதானே பேசுறே. நீயே வந்து சாப்பிடச் சொல்லு."

அவள் பேச்சில் குத்தல் இருந்தது, எனக்குப் புரிந்தது. நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் அரபும் பாரசீகமும் சொல்லிக்கொடுக்கிறேன். உண்பது, உறங்குவது, விருந்துக்குப் போவது, நோயாளியைப் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் பழைய சூஃபிகள் ஒழுங்குமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு அதபு என்று பெயர். வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒன்றை எடுத்துப் பேசி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். நீல நிற டிக் வரும், பதில் வராது. யாரும் கேட்பதில்லை என்று முடிவுகட்டி வைத்திருந்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள் லாத்தா. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று மச்சானுக்குத் தெரியக் கூடாது. அதாவது, விரலைப் பற்றி அவராகப் பேச்செடுக்கும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. நோயாளியிடம் அவர் சொல்லாததை விசாரிக்காதே என்பது அதபிலும் இருப்பதால் எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

விமான நிலையத்துக்கு மச்சானே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கைலி இல்லாமல் கால்சட்டை, அந்தப் புழுக்கத்திலும் காலில் மூடிய ஷூ. கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். கார் நிறுத்தம் வரை என் பெட்டியை அவரே இழுத்துக்கொண்டு வந்தார். கொடுக்கச் சொன்னேன், கொடுக்கவில்லை. அவர் நடையைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். லேசாகச் சாய்ந்து நடந்தார். விருந்தாளி பெட்டி சுமக்கக் கூடாது என்பது சரி, விரல் கறுத்தவர் சுமக்கலாமா என்று எந்த நூலிலும் படித்த ஞாபகம் வரவில்லை.

வீட்டில் கூடத்தில் பாய் விரித்து சஹன் வைத்திருந்தாள் லாத்தா. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், சஹன் என்பது அகலமான வட்டத் தட்டு. நெய்ச்சோறும் கறியும் அதில் மொத்தமாக வைத்துவிடுவார்கள். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவோம். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் கவளத்தைப் பார்க்கக் கூடாது. இதெல்லாம் சிறுபிள்ளைக்கும் தெரியும். கையை எப்போது எடுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வீட்டுக்காரர் விருந்தாளிக்கு முன்னால் கையை எடுத்தால், போதும் எழுந்திரு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். கூட இருப்பவர் இன்னும் சாப்பிடும்போது விருந்தாளி கையை எடுத்தாலும் தப்புதான், அவரும் கூச்சப்பட்டு அரைப் பசியோடு எழுந்துவிடுவார். ஆகவே வயிறு நிறைந்த பிறகும் விரலால் சோற்றை அளைந்து, ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருப்பது எங்கள் பக்கத்து மரியாதை.

ரெண்டு வாயில் எழுந்துவிடும் மனிதர் அன்று எழவில்லை. சோற்றைக் குழைத்து அடித்தார். ஆட்டுத் துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டே தானும் சாப்பிட்டார். ஒரு கிண்ணம் நிறைய மாம்பழப் புட்டிங்கும் சாப்பிட்டார். லாத்தா அடுக்களை வாசலில் நின்று எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ வயிறு முட்டிவிட்டது. ஆனால் நான் கையை எடுத்தால் அவரும் எடுத்துவிடுவார், அவரைச் சாப்பிட வைக்கத்தானே வந்திருக்கிறேன்? மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வேலை இவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸுக்குத் தனியாகப் போய் வாசகர் வட்டத் தலைவரைப் பார்த்தேன். ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சுங்கை வேயில் வீடு. பேராசிரியரே, பேராசிரியரே என்று அழைத்து என்னைக் கூச வைத்தார். திரும்பும்போது கேஎல் சென்ட்ரலில் எந்தத் தளத்தில் நிற்பது என்று குழம்பி, எல்லோரும் ஏறிய ரயிலில் நானும் ஏறினேன். குளிரூட்டிக் காற்றில் கண் அசந்துவிட்டது. விழித்தபோது வெளியே காஜாங் என்று எழுதியிருந்தது.

எதிர் இருக்கையில் மல்லிகைப்பூ வைத்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கிள்ளான் எப்போது வரும் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது அங்க போகாதுலா அண்ணே, நீங்க ஆப்போசிட்ல போறீங்க" என்றார். என்னோடு இறங்கி, எதிர்ப்பக்கத் தளம் வரைக்கும் கூட்டிப்போய் விட்டுவிட்டு, தன் ரயிலைத் தவறவிட்டு நின்றார். திருச்சி ஜங்ஷனில் எனக்கு அப்படி யாரும் செய்ததில்லை, நானும் யாருக்கும் செய்ததில்லை.

தாமதமாகும், நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள் என்று மச்சானுக்குப் போன் செய்தேன். வீடு போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. மச்சான் பாயில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை. சஹனை மூடி வைத்துக் காத்திருந்திருக்கிறார். "நீ வராம நான் எப்படி மக்கான் பண்றது மாப்ளே?" என்றார். மக்கான் என்றால் மலாயில் சாப்பாடு. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் இருக்கும் தன் துணிக்கடைக்குக் கூட்டிப்போனார். நோன்புப் பெருநாளுக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தும் தெருவில் நடக்க இடமில்லை. மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங், தொப்பி, அத்தர், பேரீச்சை என்று இரண்டு பக்கமும் கொட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மலாயில் விலை சொல்லித் தமிழில் சண்டை போடுகிறார்கள். மச்சானின் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் எனக்கு எதையாவது வாங்கிக் கொடுக்காமல் விடவில்லை. ரொட்டி சானாய், வறுத்த கோழி, கறிக்குழம்பில் மிதக்கும் சோறு. ஒவ்வொன்றிலும் மச்சான் என்னோடு சேர்ந்து கை நனைத்தார்.

அங்கே ஒரு சின்ன விஷயம் என் கண்ணில் பட்டது. மூலை டீக்கடைக்காரர் மச்சானைக் கண்டதும் கேட்காமலே ஒரு கிளாஸ் கறுப்புத் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். மச்சான் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, எனக்குச் சொன்னது போலவே பால் ஊற்றி ஆற்றிய தேநீர் சொன்னார். கடைக்காரர், "என்ன பாஸ், இன்னைக்கு கோசோங் வேணாமா?" என்று கேட்டார். மச்சான் கண்ணால் அவரை அடக்கினார். கோசோங் என்றால் என்ன என்று நான் கேட்டேன். "ஒண்ணும் இல்லை" என்றார் மச்சான். அதுதான் சரியான அர்த்தம் என்று பிறகு தெரிந்தது. சர்க்கரையும் பாலும் ஒன்றும் போடாத தேநீர்.

விருந்தாளியின் உரிமை மூன்று நாள், அதற்கு மேல் தங்குவது வீட்டாருக்குப் பாரம் என்று நூல்கள் சொல்கின்றன. அதைச் சொல்லி, ஓட்டலில் அறை எடுக்கிறேன் என்று லாத்தாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். "நீ வந்ததுலேர்ந்துதான் அவங்க மனுஷன் மாதிரி சாப்பிடுறாங்க, இப்ப போறேங்கிறியே" என்றாள். விரலைப் பற்றி ஏதாவது பேசினாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. சாப்பிட ஆரம்பித்துவிட்டார், ஆசை திரும்பிவிட்டது, அடுத்து ஆபரேஷனுக்கும் தானாக ஒத்துக்கொள்வார். இந்தக் கணக்கைப் போட்டவன் இருபது வருஷமாக உடல்நலத்தைப் பற்றிப் பாடம் எடுப்பவன்.

சனிக்கிழமை காலை மச்சான் என்னைக் கிள்ளான் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்து, தோசை சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு வேலை, இதோ வந்துவிடுகிறேன் என்று போனார். போனை மேசையில் மறந்துவிட்டிருந்தார். அது விடாமல் அடித்தது. எடுத்துக்கொண்டு அவர் போன திசையில் நடந்தேன். அடுத்த வரிசையில் ஒரு கிளினிக். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, நாற்காலியில் மச்சான். ஷூவைக் கழற்றி வைத்திருந்தார். அந்த விரலை அப்போதுதான் நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

நான் கதவைத் திறந்தது அவருக்குத் தெரியவில்லை. தாதி தமிழ்ப்பெண், கையில் ரத்தம் சோதிக்கும் கருவியோடு நின்றிருந்தாள்.

"அங்கிள், போன வாரம் எவ்வளவு நல்லா இறங்கியிருந்துச்சு. இந்த வாரம் என்ன இப்படி ஏறிருக்கு?"

"வீட்ல கெஸ்ட்லா, சிஸ்டர்."

"கெஸ்ட்டுக்கு சாப்பாடு போடுங்க அங்கிள். நீங்க ஏன் சாப்பிடுறீங்க?"

உள்ளேயிருந்து சீன டாக்டரம்மா வந்து மலாயில் ஏதோ சொன்னார். சிரிக்காமல் சொன்னார். பிறகு காரில் மச்சானே அதை எனக்கு மொழிபெயர்த்தார். திங்கட்கிழமை மறுபடி பார்ப்போம், சர்க்கரை இறங்கியிருந்தால் புதன்கிழமை விரலை எடுத்துவிடலாம், இறங்காவிட்டால் தள்ளிப்போடத்தான் வேண்டும், ஆனால் புண் நமக்காகக் காத்திருக்காது, அடுத்த தடவை பாதத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

ஆபரேஷனுக்கு எப்போதோ ஒத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டைக் குறைத்தது உயிர் மேல் ஆசை விட்டு அல்ல, உயிர் வேண்டும் என்றுதான். அதைப் பார்த்துப் பயந்து லாத்தா என்னை வரவழைக்க, நான் வந்து உட்கார்ந்துகொண்டு அவர் வாயில் நெய்ச்சோற்றைத் திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீதானே சொன்னே மாப்ளே. நோயை ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறது, படைச்சவனைப் பத்திப் படைப்புங்ககிட்ட புகார் பண்ற மாதிரின்னு. வெள்ளிக்கிழமைப் பேச்சுல. கடையில உட்கார்ந்து ரெண்டு தடவை கேட்டேன்."

"மருந்து தேடுறதும் அதபுதான்னு அடுத்த வாரமே பேசினேனே மச்சான்."

"அதையும் கேட்டேன். அதனாலதான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டேன்."

"அப்ப சாப்பாடு?"

"அது அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. விருந்தாளி வந்தா, கடமையில்லாத நஃபில் நோன்பு வச்சிருந்தாலும் திறந்துரணும், அவன் மனசு நோகக் கூடாதுன்னே. நோன்பையே திறக்கலாம்னா டயட்டைத் திறக்கக் கூடாதா?"

கார் ஒரு சிக்னலில் நின்றது. எனக்கு வயிறு நிறைந்து நாலு நாளாகிறது மச்சான், உங்களுக்காகத்தான் கையை எடுக்காமல் இருந்தேன் என்று சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தும் வண்டியை எடுக்கவில்லை. நானும் சிரித்தேன். நான் சிரித்ததில் பாதி பயம்.

சிரித்து முடித்ததும் ஒரு வாக்குக் கேட்டார். சர்க்கரை ஏறியதும் புதன்கிழமை ஆபரேஷனும் லாத்தாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அழுதே படுத்துவிடுவாள், எல்லாம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம். நானும் வாக்குக் கொடுத்தேன். ஆக, அவள் ரகசியம் ஒன்றும் அவர் ரகசியம் ஒன்றும் என் மடியில் இருந்தன. ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாமல் இரண்டையும் காப்பாற்ற வேண்டும். அன்று வயிறு சரியில்லை என்று சொல்லி இரவுச் சாப்பாட்டைக் கஞ்சியோடு முடித்தேன். மச்சானும் அதே கஞ்சியைக் குடித்தார். லாத்தா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஞாயிறு மாலை பிரிக்பீல்ட்ஸ் மாடிக் கூடத்தில் நல்ல கூட்டம். கீழே மாலை கட்டுபவர்களின் மல்லிகை வாசனை மேலே வரைக்கும் வந்தது. நான் பேசினேன். வயிற்றை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்ன பெரியவர்களைப் பற்றிச் சொன்னேன். பசியை மருந்தாகவும் பசியைப் பெருமையாகவும் எடுத்துக்கொண்டவர்களைப் பிரித்துச் சொன்னேன். ஒருவர் எழுந்து, நோன்பு வைத்திருப்பவர் விருந்துக்குப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கடமையான நோன்பு இல்லையென்றால் திறந்துவிட வேண்டும், ஒரு மனிதரின் மனதைக் குளிர்விப்பது அந்த நோன்பை விடப் பெரியது என்றேன். கைதட்டினார்கள். முன் வரிசையில் மச்சானும் தட்டினார்.

அதன் பிறகுதான் அந்த சஹன் வந்தது. விருந்து மச்சானின் ஏற்பாடு என்பது எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு முன்னாலேயே அவர் காதில், பேருக்கு ரெண்டு வாய் வைத்துவிட்டுச் சீக்கிரம் எழுந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். தலைவர் என்ன நினைத்திருந்தார் என்பதுதான் தெரியாது. கூடத்தின் நடுவில் பாய் விரித்து, பிரியாணி குவித்த சஹன் ஒன்றை வைத்து, மச்சானையும் என்னையும் உட்கார வைத்து, தானும் வேட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்களுக்கும் அங்கங்கே சஹன்கள், பெண்களுக்கு அந்தப் பக்கம். லாத்தா அங்கே இருந்தாள். முதல் விருந்தாளி கை வைக்காமல் யாரும் தொடப்போவதில்லை.

"பேராசிரியரே, எனக்கு இது முதல் தடவை" என்றார் தலைவர். "பக்கத்து வீட்டு பாய் எத்தனையோ பெருநாளுக்குக் கூப்பிட்டிருக்கார். ஒரே தட்டுல சாப்பிடக் கூடாதுன்னு எங்கப்பா விட்டதில்லை. நானும் அப்படியே இருந்துட்டேன். இன்னைக்கு உங்களோட சாப்பிடணும்னு காலையிலேர்ந்து வயித்தைக் காயப்போட்டிருக்கேன்."

இதைக் கேட்ட பிறகு ரெண்டு வாயோடு எப்படி எழுவது? நான் எழுந்தால் அவர் என்ன நினைப்பார்? நான் உட்கார்ந்தால் மச்சான் உட்காருவார், சுவையான இடத்தையெல்லாம் தலைவர் பக்கம் தள்ளிவிட்டு அவர் சாப்பிடும் வரைக்கும் சாப்பிடுவார். காலையில் ரத்தத்தை எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த எல்லா நூல்களின் எல்லாப் பக்கங்களும் ஒரே நேரத்தில் பேசின, ஒன்றுமே காதில் விழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் சாப்பிடலை" என்றேன்.

தலைவரின் கை சோற்றுக்கு மேலே நின்றுவிட்டது. அவர் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். தன்னோடு ஒரே தட்டில் கை வைக்க நான் விரும்பவில்லை என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். கூடமும் அப்படித்தான் நினைத்தது, அடுத்த பாயில் யாரோ மலாயில் முணுமுணுத்தார். மச்சான் அவமானத்தைத் துடைக்கும் அவசரத்தில், "நாம சாப்பிடுவோம் ஐயா" என்று பெரிய கவளமாக அள்ளினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"மச்சானுக்குக் கால் விரலை எடுக்கணும்" என்றேன். என் குரல் நான் நினைத்ததை விடச் சத்தமாக வந்தது. "இந்தச் சோத்தைச் சாப்பிட்டா புதன்கிழமை எடுக்க மாட்டாங்க. பாதம் போயிரும். நான் கை வச்சா அவங்களும் வைப்பாங்க. அதுக்காகத்தான் வைக்கலை. உங்களுக்காக இல்லை ஐயா, சத்தியமா உங்களுக்காக இல்லை."

மச்சானின் விரல்கள் மெல்லப் பிரிந்து சோறு தட்டில் விழுந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் லாத்தா எழுந்து நிற்பதைப் பார்த்தேன். அடுத்தவர் மறைத்து வைத்த நோயைச் சபையில் சொல்வது, கொடுத்த வாக்கை மீறுவது, பரிமாறிய உணவை மறுப்பது. நான் ஒரு மணி நேரம் பேசிய எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் உடைத்துவிட்டேன்.

தலைவர்தான் அந்த இடத்தை மீட்டார். கையை எடுக்காமல், "நான் சாப்பிடுறேன், நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல உட்காருங்க, அது போதும்" என்றார். நிதானமாக, ருசித்து, தன் முன்னால் இருந்ததை மட்டும் எடுத்துச் சாப்பிட்டார். நானும் மச்சானும் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர், தனக்கும் சர்க்கரைதான், ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றார். இன்னொருவர் தன் மனைவிக்கு என்றார். பிறகு யார் எந்த கிளினிக் போகிறார்கள் என்று கூடம் முழுக்க ஒரே பேச்சு. சூஃபிகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

காரில் திரும்பினோம். கிள்ளான் நெருங்கும்போது பின் இருக்கையிலிருந்து லாத்தா, "நாலஞ்சு நாளா நான் பார்த்துப் பார்த்து ஆக்கிப் போட்டது அத்தனையும் அவங்க கால்லதான் இறங்கியிருக்கு" என்றாள். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் சஹன் இல்லை. அவித்த காய், சுட்ட மீன், ஆளுக்கொரு தட்டு. மச்சான் அடுக்களையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமைச் சோதனையில் சர்க்கரை போதுமான அளவுக்கு இறங்கியிருந்தது என்பதைக்கூட லாத்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பயணச் சீட்டைத் தள்ளிப் போட்டேன். நான் செய்தது சரியா என்று இரவெல்லாம் போனில் நூல்களைப் புரட்டினேன். பிறர் ரகசியத்தைக் காப்பவனுக்கு ஒரு பக்கம் நற்செய்தி சொல்கிறது, உயிரைக் காப்பவனுக்கு மறுபக்கம். ஊரில் மேசையில் உட்கார்ந்து படிக்கும்போது இந்த முரண் எனக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தது. இங்கே எரிச்சலாக வந்தது.

புதன்கிழமை விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது, புண் அதோடு நின்றுவிட்டது என்றார் டாக்டர். லாத்தா வராந்தாவிலேயே ஓர் ஓரமாகத் தொழுதாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் நண்பகல் வார்டுக்குப் போனேன். நோயாளியின் பக்கத்தில் கொஞ்ச நேரமே உட்கார வேண்டும், அறையில் எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று கட்டில் ஓரத்து முக்காலியில் நுனியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தேன். ஸலாம் சொன்னேன், பதில் ஸலாம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஆஸ்பத்திரித் தட்டு வந்தது. கொஞ்சம் சோறு, அவித்த கீரை, ஒரு துண்டு கோழி. மச்சான் அதை மடியில் வைத்து பிஸ்மி சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. ஒரு வாய் எடுத்துக்கொள் என்று தட்டை நீட்டவில்லை. எதிரே ஆள் இருக்கும்போது வேண்டுமா என்று கேட்காமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன்.

அந்த நேரம் பார்த்து லாத்தா உள்ளே வந்தாள். என்னையும் பார்த்தாள், பாதி காலியான தட்டையும் பார்த்தாள்.

"என்னங்க, தம்பி பக்கத்துல உட்கார்ந்திருக்கான். ஒரு பேச்சுக்காவது சாப்பிடுறியான்னு கேட்க மாட்டீங்களா?"

மச்சான் தலையைத் தூக்காமல் கீரையை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அவன் என்ன விருந்தாளியா?" என்றார்.

நான் எழுந்து அவருக்குக் கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.